ஆளுமைத் தேர்வும் 'நல்ல பிள்ளை' பதில்களும்: ஆளெடுக்கும் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஆளெடுக்கும் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கூடவே, உங்களுக்கு முன்னால் இருந்தவர் வாங்கி வைத்துவிட்டுப் போன ஓர் ஆளுமைத் தேர்வும் வந்திருக்கிறது. விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் அதை எழுதி முடித்துவிட்டார்கள், ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் பொறுப்புணர்வில் ஏறக்குறைய எல்லோரும் உச்சத்தில் நிற்கிறார்கள், கோபமே வராதவர்கள், பதற்றமே படாதவர்கள், யாரோடும் ஒத்துப்போகிறவர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது. இதில் யார் உண்மை, யார் பூச்சு என்று கண்டுபிடித்தாக வேண்டுமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

அந்த எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள். பொய் சொன்னவரைப் பிடிக்கிற வேலையில் இறங்கினால் நேரமும் போகும், நல்ல ஆட்களும் கைநழுவிப் போவார்கள். பூசி மெழுகிய பதிலை மட்டும் வைத்து யாருக்கும் வேலை கிடைத்துவிடாதபடி தேர்வு முறையை அமைப்பது உங்களால் முடியும், அதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். சில படிகள் நீளமாக இருக்கும், சில நாலு வரியில் முடிந்துவிடும்.

முதல் படி: இந்தத் தேர்வு எவ்வளவு சொல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆளுமையைக் கேள்வித்தாளால் அளக்கும் வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது. போர்முனையின் அதிர்ச்சியைத் தாங்கமாட்டார்கள் என்று தோன்றும் வீரர்களை முன்கூட்டியே அடையாளம் காண, ராபர்ட் உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆம்-இல்லை என்று பதில் சொல்லும் 116 கேள்விகளைத் தயாரித்தார். அப்புறம் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் இந்த மாதிரிக் கேள்வித்தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டன. 1965-இல் குயான், காட்டியர் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, ஆளெடுப்பதற்கு இவற்றை நம்பிப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் இந்தத் துறை சோர்ந்துதான் கிடந்தது. 1991-இல் பேரிக், மவுன்ட் இருவரும் 117 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஐந்து பெரிய ஆளுமைக் கூறுகளில் (பொறுப்புணர்வு, மனச் சமநிலை, இணக்கம், கலகலப்பு, புதியதை ஏற்கும் மனம்) பொறுப்புணர்வு மட்டும் எல்லா வகை வேலையிலும் ஓரளவு பலன் தருகிறது என்று தெரிந்தது, தேர்வுகளுக்கு மறுபடி மவுசு வந்தது.

'ஓரளவு' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பொறுப்புணர்வு மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள ஒட்டுறவு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சுமார் 0.2. எண்ணைச் சொன்னால் மனதில் நிற்காது, இப்படிப் பாருங்கள். தேர்வில் மேல்பாதியில் வந்த 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் சுமார் 56 பேர் வேலையிலும் மேல்பாதியில் வருவார்கள். தேர்வே வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு 100 பேரை எடுத்தாலும் 50 பேர் வருவார்கள். நூற்றுக்கு ஆறு பேர் கூடுதல், அவ்வளவுதான் லாபம். நிறைய ஆட்களை எடுக்கும் நிறுவனத்துக்கு அந்த ஆறு பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேரை எடுக்கும் இடத்தில் இந்த ரிப்போர்ட்டைத் தலையெழுத்து மாதிரி படிக்கக் கூடாது.

இரண்டாம் படி: எந்தத் தேர்வு, எதற்காக

முதலில் வேலையை எழுதுங்கள். இந்த வேலையில் ஒருவர் தினமும் என்ன செய்வார், எங்கே தவறினால் நஷ்டம், எந்தக் குணம் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு அப்புறம் தேர்வைப் பாருங்கள். விற்பனைக்குக் கலகலப்பு கொஞ்சம் உதவும், நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து கணக்குச் சரிபார்ப்பவருக்கு அது எதற்கு? தேர்வு ஐந்து கூறுகளுக்கும் மார்க் தருகிறது என்பதற்காக ஐந்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மயர்ஸ்-பிரிக்ஸ் போல, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து நாலெழுத்துக் குறியீடு தரும் தேர்வை ஆளெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். அதை வெளியிடும் நிறுவனமே ஆள்தேர்வுக்கு அது கூடாது என்று சொல்கிறது. மனநோயைக் கண்டறிய உருவான எம்.எம்.பி.ஐ. மாதிரியான மருத்துவத் தேர்வுகள் பக்கமும் போகாதீர்கள். அமெரிக்காவில் 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பதவி உயர்வுக்காக அந்தத் தேர்வை வைத்தது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தை அது மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 1991-இல் கலிபோர்னியாவில், கடைக் காவலர் வேலைக்கு வந்தவர்களிடம் மத நம்பிக்கை பற்றியும் பாலியல் விருப்பம் பற்றியும் கேட்ட ஒரு தேர்வு தனியுரிமையை மீறுகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம். எங்கே இருந்தாலும், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்விகூட இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வம்பு வராது. வாங்குவதற்கு முன் எல்லாக் கேள்விகளையும் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், எங்கே முகம் சுளிக்கிறது என்று தெரிந்துவிடும்.

விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் ரிப்போர்ட்டில் வரும் 'நூறில் இத்தனையாவது இடம்' என்பது யாரோடு ஒப்பிட்டது?" வேலைக்கு விண்ணப்பித்தவர்களோடு ஒப்பிட்டதா, அல்லது வேலைக்காக இல்லாமல் சும்மா எழுதிக் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டதா? 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), விண்ணப்பதாரர்கள் மற்றவர்களைவிடப் பொறுப்புணர்விலும் மனச் சமநிலையிலும் ஏறக்குறைய அரைத் திட்ட விலக்கம் மேலே நின்றார்கள் (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு). அதாவது சும்மா எழுதியவர்களோடு ஒப்பிட்டால், சாதாரண சராசரி விண்ணப்பதாரரே நூறில் 67-ஆவது இடத்தில் வந்து உட்காருவார். ரிப்போர்ட்டில் எல்லோரும் பச்சையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். விண்ணப்பதாரர்களோடு ஒப்பிட்ட அட்டவணை இல்லை என்று விற்பவர் சொன்னால் வேறு தேர்வைப் பாருங்கள்.

மூன்றாம் படி: பூச்சுப் பதில் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துவிடுவேன்." 1 என்றால் கொஞ்சமும் பொருந்தாது, 5 என்றால் முழுக்கப் பொருந்தும்.

முதலாமவர் யோசிக்கிறார், போன மாதம் ஒரு ரிப்போர்ட் இரண்டு நாள் தள்ளிப்போனது ஞாபகம் வருகிறது, 4 போடுகிறார். இரண்டாமவருக்கு அடிக்கடி தள்ளிப்போகும், ஆனால் தன்னைப் பற்றி அவர் மனதில் இருக்கும் படம் வேறு, தான் நேரம் தவறாதவர் என்று உண்மையிலேயே நம்புகிறார், 5 போடுகிறார். மூன்றாமவருக்குத் தன் தாமதம் நன்றாகத் தெரியும், கம்பெனி எதை எதிர்பார்க்கிறது என்பதும் தெரியும், 5. நாலாமவர் வீட்டு விஷயங்களில் எல்லாவற்றையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளுகிறவர், அலுவலகத்தில் மட்டும் துல்லியம், வேலைக்கான தேர்வுதானே என்று அலுவலகத்தை நினைத்து 5 போடுகிறார், அது சரியான பதிலும்கூட.

மூன்று 5, ஒரு 4. ரிப்போர்ட்டில் அந்த மூன்றும் ஒரே எண். மூன்றில் ஒன்று தெரிந்தே சொன்ன பொய், ஒன்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது, ஒன்று உண்மை. டெல்ராய் பால்ஹஸ் என்ற உளவியலாளர் இந்த முதல் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று 1980-களிலிருந்தே சொல்லிவந்தார். எனக்கு மனது கனப்பது அந்த 4 போட்டவரை நினைத்துத்தான். கேட்ட கேள்வியை மதித்து யோசித்துப் பதில் சொன்னவர் அவர், வரிசையில் கீழே இறங்குகிறவரும் அவரே.

எல்லோரும் ஒரே அளவு பூசினால் ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லோர் மார்க்கும் ஒன்றாக ஏறும், வரிசை அப்படியே இருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடுவதுதான் தொல்லை.

நாலாம் படி: மேலிருந்து எடுக்காதீர்கள், கீழிருந்து விலக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

பூச்சுப் பதில்கள் உண்மையில் கெடுதல் செய்கின்றனவா என்று ஆய்வாளர்களுக்குள் நீண்ட சண்டை உண்டு. 1996-இல் ஓன்ஸ், விஸ்வேஸ்வரன் முதலானோர், நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளும் போக்கைக் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் தேர்வின் பலன் மாறவில்லை, இது தேவையில்லாத கவலை என்றார்கள். 2007-இல் ஹோகன் குழுவினர் 5,266 விண்ணப்பதாரர்களைப் பார்த்தார்கள், முதல் முறை நிராகரிக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு மறுபடி எழுதியவர்கள் அவர்கள். நிராகரிக்கப்பட்டவருக்குப் பூசுவதற்கு எல்லாக் காரணமும் உண்டு, ஆனாலும் மிகப் பெரும்பாலோரின் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. மறுதரப்பு விடவில்லை: முதல் முறையே பூசியிருந்தால் இரண்டாம் முறை என்ன மாறப்போகிறது?

என் பார்வையில் இரண்டு தரப்பும் இரண்டு வெவ்வேறு இடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒட்டுறவு எண் கூட்டம் முழுவதையும் பார்த்துச் சொல்வது. வேலை கொடுக்கும்போது நாம் பார்ப்பது வரிசையின் உச்சியை மட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும், இது நான் கற்பனையாக எடுத்துக்கொண்ட எண்கள்தான்.

100 பேர் எழுதுகிறார்கள். உண்மை மதிப்பெண்ணின் சராசரி 50, திட்ட விலக்கம் 10. இவர்களில் 25 பேர் மட்டும் பூசுகிறார்கள், ஒவ்வொருவரும் 10 மார்க் கூட்டிக்கொள்கிறார்கள். மீதி 75 பேர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள். இப்போது 65-க்கு மேல் வந்தவர்களை மட்டும் எடுப்போம் என்று முடிவு செய்கிறீர்கள். நேர்மையாக எழுதிய 75 பேரில் 65-ஐத் தாண்டுபவர்கள் சுமார் 5 பேர். பூசிய 25 பேரில் தாண்டுபவர்கள் சுமார் 8 பேர். ஆக, கூட்டத்தில் கால்வாசியாக இருந்தவர்கள் உச்சியில் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். நீங்கள் எவ்வளவு கறாராக கட்-ஆஃபை ஏற்றுகிறீர்களோ அவ்வளவுக்கு அவர்கள் பங்கு கூடும். கறாராக இருந்தால் தரமான ஆள் கிடைப்பார் என்று நினைத்துச் செய்வது நேர்மாறாகப் போகும் இடம் இது.

அதே கூட்டத்தில் கட்-ஆஃபை 40-இல் வைத்து, அதற்குக் கீழே உள்ளவர்களை மட்டும் விலக்கினால்? நேர்மையானவர்களில் சுமார் 63 பேர் தேறுகிறார்கள், பூசியவர்களில் 24 பேர். தேறிய 87 பேரில் பூசியவர்கள் 28 சதவீதம், தொடக்கத்தில் இருந்த 25-லிருந்து அதிகம் நகரவில்லை. நல்லபடியாகக் காட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தும் "சொன்ன நேரத்துக்கு வருவது எனக்கு ஒத்துவராது" என்று எழுதிக் கொடுத்தவரைப் பற்றி அந்தக் குறைந்த மார்க் ஏதோ சொல்லத்தான் செய்கிறது. உயர்ந்த மார்க்கைவிடக் குறைந்த மார்க்கை நம்பலாம்.

அதனால், ஆளுமைத் தேர்வை தாராளமான ஒரு கீழ் வரம்போடு முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டியவர்களுக்குள் 58 வாங்கியவர் பெரியவரா 71 வாங்கியவர் பெரியவரா என்ற கேள்வியே வரக் கூடாது. முடிந்தால் நேர்காணல் செய்கிறவர்களுக்கு அந்த எண்ணைக் காட்டவே காட்டாதீர்கள், தாண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுங்கள். எண் கண்ணில் பட்டால் பட்டதுதான், அப்புறம் அதை மறந்துவிட்டு ஒருவரைப் பார்க்க யாராலும் முடியாது.

ஐந்தாம் படி: பொய் அளவுகோலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

பல தேர்வுகளில் ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'நம்பகத்தன்மை' என்றோ 'சமூக விருப்பம்' என்றோ ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பழைய ஏற்பாடு இது. 1960-இல் கிரவுன், மார்லோ இருவரும் வெளியிட்ட 33 வாக்கியங்கள் இன்றுவரை பல தேர்வுகளுக்கு முன்மாதிரி. உத்தி எளிமையானது: மனிதராய்ப் பிறந்த யாருக்கும் முழுக்கப் பொருந்தாத பெருமைகளைக் கேட்பது. "யார்மீதும் எனக்கு எரிச்சல் வந்ததே இல்லை" என்பது மாதிரி. அதற்கெல்லாம் ஆமாம் போட்டால் மற்றப் பதில்களும் பூச்சாக இருக்கலாம் என்று கணக்கு.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, நடைமுறையில் சரிவரவில்லை. இந்த அளவுகோலில் உயர்ந்த மார்க் வாங்குகிறவர்களில் உண்மையிலேயே பொறுமைசாலிகளும், விதி தவறாமல் நடப்பவர்களும், எதையும் அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்கிறவர்களும் கலந்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த மார்க் மனச் சமநிலை, இணக்கம், பொறுப்புணர்வு ஆகியவற்றோடு சேர்ந்தே ஏறுகிறது. அதை வைத்து ஆளை விலக்கினால் நீங்கள் தேடுகிற ஆளையே வாசலோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அந்த மார்க்கை வைத்து மற்ற மதிப்பெண்களைத் 'திருத்தி' எழுதும் மென்பொருள்களும் இருக்கின்றன, திருத்தியதால் தேர்வின் பலன் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. இதற்கு மேல், விவரமானவருக்கு இந்த வாக்கியங்களைப் பார்த்தவுடனே இது பொறி என்று தெரியும், அவர் "சில சமயம் எரிச்சல் வரும்" என்று அழகாக எழுதிவிட்டுப் போய்விடுவார். மாட்டுவது அப்பாவி.

இன்னொரு உத்தி, இல்லாத ஒன்றைத் தெரியுமா என்று கேட்பது. 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் கொடுத்த பணிகளின் பட்டியலில், உலகில் இல்லாத, வெறும் பெயராக உண்டாக்கிய சில பணிகளையும் கலந்து வைத்தார்கள். கணிசமானோர் அவற்றிலும் தமக்கு அனுபவம் இருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆய்வுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் நிஜமாக வேலை தேடி வந்தவரிடம் இதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை, பெயரைப் பார்த்து இது நமக்குத் தெரிந்த அந்த வேலைதான் போலிருக்கிறது என்று நேர்மையாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறவரும் இருப்பார். நாம் உண்மையைக் கேட்கும் இடத்தில் நாமே பொய்யை வைப்பது எப்படிச் சரியாகும்?

அந்தச் சின்னக் கட்டம் சிவப்பாக இருந்தால் செய்யக்கூடியது ஒன்றுதான்: நேர்காணலில் அவரிடம் விவரமான உதாரணங்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்னதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: பூசுவதற்கான இடத்தைக் குறையுங்கள்

எச்சரிக்கை வாசகம் ஒன்றைத் தேர்வுக்கு முன்னால் போடுங்கள். 2003-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி இதன் விளைவு சின்னதுதான், ஆனால் செலவே இல்லாத காரியம். மிரட்டும் தொனி வேண்டாம், உண்மையில் செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இதில் அதிக மார்க் வாங்கியவருக்கு முன்னுரிமை என்று எதுவும் இல்லை. நீங்கள் இங்கே சொல்லும் பதில்களைப் பற்றி நேர்காணலில் உதாரணம் கேட்போம், நீங்கள் சம்மதித்துப் பெயர் கொடுத்தவர்களிடமும் இதே விஷயங்களைக் கேட்போம். உங்களுக்குப் பொருந்தும் பதிலையே தாருங்கள்." முதல் வரி முக்கியம், பயந்துபோய்ப் பூசுகிறவர்கள்தான் நிறையப் பேர், அவர்களுக்கு அந்த ஒரு வரி தெம்பு கொடுக்கும்.

வாக்கியங்களில் 'வேலையில்' என்ற சொல்லைச் சேர்க்கும் தேர்வாகப் பாருங்கள். "நான் ஒழுங்காக இருப்பேன்" என்பதைவிட "வேலையில் நான் ஒழுங்காக இருப்பேன்" என்பது எல்லோரையும் ஒரே இடத்தை நினைத்துப் பதில் சொல்ல வைக்கிறது. மேலே பார்த்த நாலாமவரின் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகை. "தொடங்கிய வேலையை முடிக்காமல் விடமாட்டேன்", "புதியவர்களோடு சீக்கிரம் பழகிவிடுவேன்", இரண்டில் எது உங்களுக்கு அதிகம் பொருந்தும்? இரண்டுமே நல்ல குணம், இரண்டுக்கும் 5 போட முடியாது. பூசுவது கஷ்டமாகும், உண்மைதான். பழைய கணக்கு முறையில் இதில் ஒரு சிக்கல் இருந்தது: ஒரு குணத்தில் மார்க் ஏறினால் இன்னொன்றில் இறங்கியாக வேண்டும், ஆக ஒருவருக்குள்ளே எது தூக்கல் என்று சொல்லலாமே தவிர ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது. 2011-இல் பிரவுன், மேடேயு-ஒலிவாரெஸ் இருவரும் வெளியிட்ட கணக்கு முறை உட்படப் புதிய முறைகள் இதை ஓரளவு தீர்த்திருக்கின்றன, அமெரிக்க ராணுவம்கூட ஆள்சேர்ப்பில் இந்த வகைத் தேர்வு ஒன்றை வைத்திருக்கிறது. வாங்கும்போது மதிப்பெண் எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். இதற்கும் எல்லை உண்டு, கணக்கர் வேலைக்கு வந்தவருக்கு அந்த இரண்டில் எதைத் தொட வேண்டும் என்று ஊகிக்க ரொம்ப நேரம் ஆகாது.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வு என்றால், கேள்வியை அப்படியே ஒரு சாட்பாட்டில் ஒட்டி "இந்த வேலைக்கு எது நல்ல பதில்" என்று கேட்க இப்போது யாராலும் முடியும். நாலாம் படியை நான் அவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஏழாம் படி: அதே குணத்தை வேறு வழியில் பாருங்கள்

சல்லடை தாண்டியவர்களை எப்படிப் பிரிப்பது? எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோலில் மார்க் போடும் நேர்காணல்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கருவிகளில் முதன்மையானது. 2022-இல் சாக்கெட் குழுவினர் பழைய கணக்குகளை எல்லாம் திருத்திப் போட்டபோது பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதுதான், ஒட்டுறவு எண் 0.42.

பொறுப்புணர்வைப் பற்றி எப்படிக் கேட்பது? "நீங்கள் பொறுப்பானவரா?" என்று கேட்டால் கேள்வித்தாளைத்தான் வாயால் திரும்பக் கேட்கிறீர்கள். இப்படிக் கேளுங்கள்: "ஒரு தேதிக்கு முடித்துத் தருகிறேன் என்று சொல்லி முடியாமல் போன ஒரு வேலையைச் சொல்லுங்கள். முடியாது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? யாரிடம் எப்போது சொன்னீர்கள்?"

ஒருவர் சொல்வார்: "நான் எப்பவுமே டைமுக்கு முடித்துவிடுவேன் சார், அப்படி எதுவும் ஞாபகம் இல்லை." இன்னொருவர் சொல்வார்: "மாதக் கணக்கு ஒன்றை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன் சார். இன்னொரு பிரிவிலிருந்து வர வேண்டிய எண்கள் வராது என்று புதன்கிழமை மதியமே தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே மேனேஜரிடம் சொன்னேன், இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை கொடுத்தேன், மீதி செவ்வாய்க்கிழமை முடிந்தது." இரண்டாமவரின் பதிலில் கிழமை இருக்கிறது, யாரிடம் சொன்னார் என்று இருக்கிறது, கேட்டு உறுதிசெய்யக்கூடிய விவரம் இருக்கிறது. கேள்வித்தாளில் இவர் 4 போட்டிருக்கலாம். முதலாமவரை உடனே எழுதித் தள்ளிவிடாதீர்கள், பதற்றத்தில் சிலருக்கு எதுவும் ஞாபகம் வராது. "சரி, கடைசி நேரத்தில் எப்படியோ தப்பித்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு அவருக்கு நேரம் கொடுங்கள்.

விவரம் கேட்பது எழுத்துத் தேர்விலும் உதவும். "குழுவை நடத்திய அனுபவம் உண்டா?" என்பதற்கு ஆமாம் போட்டவர், எந்தக் குழு, எத்தனை பேர், என்ன வேலை என்று கீழே இரண்டு வரி எழுத வேண்டும் என்று வைத்தால் ஊதிப் பெருக்கிய பதில்கள் குறைகின்றன. 2000-களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கூட வேலை செய்தவர்களின் மதிப்பீடு இன்னொரு நல்ல வழி. ஒருவரைப் பற்றி அவரே போட்டுக்கொண்ட மார்க்கைவிட, அவரை நன்றாக அறிந்த மற்றவர்கள் போட்ட மார்க் வேலைத் திறமையை நன்றாக முன்னறிவிக்கிறது என்று 2010, 2011-இல் வந்த தொகுப்பாய்வுகள் காட்டின. ரெஃபரன்ஸுக்கு போன் செய்து "ஆள் எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். மேலே கேட்ட கேள்வியையே அவரிடமும் கேளுங்கள்: "இவர் சொன்ன தேதி தவறினால் உங்களிடம் எப்போது சொல்வார்?"

முடிந்தால் வேலையின் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல். செய்து காட்டுவதில் பூச்சு செல்லாது.

எட்டாம் படி: ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்

தேர்வு மதிப்பெண்களை ஒரு கோப்பில் பூட்டி வையுங்கள். வேலைக்கு எடுத்தவர்களை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அவர்களுடைய மேலதிகாரி மதிப்பிட்ட பிறகுதான் அதைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மதிப்பிடும் அதிகாரிக்கு முன்பே மார்க் தெரிந்திருந்தால் ஒப்பீடு வீண், அந்த எண்ணே அவர் கண்ணை மாற்றிவிடும். பத்துப் பதினைந்து பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், எண்கள் தாறுமாறாக ஆடும், ஆட்கள் சேரச் சேரத்தான் ஏதாவது தெரியும். நீங்கள் எடுத்தவர்கள் எல்லோரும் சல்லடை தாண்டியவர்கள், அதனால் மதிப்பெண்களின் வீச்சு குறுகியிருக்கும், உறவு இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். யாருடைய ரிப்போர்ட்டையும் குழுவில் பகிராதீர்கள், வேலை கிடைக்காதவர்களின் பதில்களைத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்காமல் அழித்துவிடுங்கள்.

போதுமான ஆட்கள் சேர்ந்த பிறகும், மார்க்குக்கும் வேலைக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை என்றால் தேர்வை நிறுத்திவிடுங்கள். அதற்குப் போன பணத்தை நேர்காணல் செய்கிறவர்களின் பயிற்சிக்கும், வேலையைச் செய்து காட்டும் சோதனைக்கும் திருப்பிவிடலாம். விற்பவர் இன்னும் இரண்டு வருடம் பாருங்கள் என்பார், அப்போது உங்கள் கோப்பில் இருக்கும் எண்களை அவர்முன் வைத்துப் பேசுங்கள்.